கூட்டம் படகேறிய மறுநாள்

அண்ணி,

இன்று மதியம் அடுப்பங்கரைப் பலகைக்கு அடியில் கறையான் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போய், உங்கள் பழைய பிஸ்கட் தகர டப்பாவை வெளியே இழுத்தேன். மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பியதும் மெழுகு வாசனை வந்தது. எரிந்த திரியும் பழைய மெழுகும் சூட்டில் இளகிக் கலந்த வாசனை. கோயிலில் மாதா பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் வருமே, அதேதான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செசிலி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "என்ன அத்தை, தலை சுத்துதா?" என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை. "இல்லடி, கறையான் பாக்குறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. உங்கள் மகள் அல்லவா, எதையும் லேசில் நம்ப மாட்டாள்.

இன்னும் சில நாளில் அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில், மாதாவைப் பெற்ற அன்னம்மாளின் திருவிழா. கோயில் பாடகர் குழுவோடு இந்த வருஷம் செசிலியும் போகிறாள். அவளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துப் பொத்தான் வைத்து மடித்து வைத்த கையோடுதான் இந்த டப்பா என் கண்ணில் பட்டது. உங்களோடு பேச வேண்டும்போல் இருக்கிறது. பேச முடியாததால் எழுதுகிறேன்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபோதும் இதே வீடுதான். பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் இதே சந்து, மழை பெய்தால் வாசலில் கணுக்கால் தண்ணீர். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணனும் நானும் மட்டும் இருந்தோம். அண்ணனுக்குத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. நான் நாலு வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கன்னியர் மடத்தில் வளர்ந்த அநாதைப் பிள்ளை. ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜெபமாலை, அவ்வளவுதான் உங்கள் சீர். சந்துப் பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கோ, சமைக்க இன்னொரு கை வந்ததே என்று இருந்தது. அந்தக் கை வந்து ஒரு மாதத்துக்குள் வீட்டைப் பூட்டச் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஏங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் வீட்டப் பூட்டிட்டு எங்கயாவது போயி வரணும்" என்றீர்கள். அண்ணன் சோற்றில் கை வைத்தபடியே சிரித்தார்.

"கிராணி சம்பளத்துல எங்க போறது? தொரைமாருங்கதான் வெயிலுக்கு மலைக்குப் போறாங்க."

"தொரை மலைக்குப் போகட்டும். நாம மலையடிக்குப் போவோம். அதுக்கு வழி எங்கிட்ட இருக்கு."

காசை மிச்சம் பிடிக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் வெளியே போகாமல் மிச்சம் பிடிப்பார்கள். நீங்கள் ஒருத்திதான் வெளியே போவதற்காக மிச்சம் பிடித்தீர்கள். உங்கள் வழியும் ஒரே வழிதான். ஊரெல்லாம் போய் முடித்துத் திரும்பிய மறுநாள் நாம் போவது.

தைப்பூசம் முடிந்த மறுநாள் தண்ணீர்மலைப் பக்கம் ரிக்‌ஷாக்காரர்கள் சவாரி இல்லாமல் பாதிக் கூலிக்கு வருவார்கள். அன்றைக்குத்தான் நமக்கு அருவியும் பூந்தோட்டமும். தெருவெல்லாம் தேங்காய்ச் சில்லும் வாடிய பூவுமாய்க் கிடக்க, நாம் மட்டும் இறங்கி, தூக்குச்சட்டியோடு நடுரோட்டில் நடந்து போவோம். சீனர் பெருநாள் முடிந்த பிறகு பாசாரில் ஆரஞ்சுப் பழம் கூடை கூடையாகக் கேட்பாரில்லாமல் கிடக்கும். அப்போதுதான் நாம் கடற்கரைக்குப் போவோம், மடி நிறையப் பழத்தோடு. அன்னம்மாள் திருவிழாவுக்கும் அப்படியே. கூட்டமெல்லாம் படகேறி பினாங்குக்குத் திரும்பிய மறுநாள் நாம் அக்கரைக்குப் படகேறுவோம். படகுத்துறை ஜெட்டியில் எதிரே வருகிறவர்கள், "என்னம்மா, திருவிழா நேத்தே முடிஞ்சிருச்சே" என்பார்கள். "தெரியும்லா. அன்னம்மாள் அங்கதான இருக்காங்க, அவங்களும் படகேறிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அக்கரையில் இறங்கியதும் உங்கள் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். பந்தல் மூங்கிலையும் பெஞ்சுகளையும் திருப்பி ஏற்றி வர வெறும் மாட்டு வண்டிகள் அன்றைக்குத்தான் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகும். அது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டிக்கார ஆறுமுகத்திடம் பேரம் பேச நீங்கள் குரலை உயர்த்தியதே இல்லை.

"ஆறுமுகண்ணே, வெறும் வண்டியாத்தானே போறீங்க?"

"வெறும் வண்டின்னா மாட்டுக்குப் புல்லு வேணாமா, தங்கச்சி?"

"வேணும்ணே. அந்தப் புல்லுக்கு நான் தரேன். நாங்க ஏறலேன்னா புல்லு உங்க காசு."

ஆறுமுகம் தலையைச் சொறிவார். நாம் ஏறிக்கொள்வோம். வழி நெடுக ரப்பர் மர நிழல். புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் இலையில் கட்டியது. கூஜாத் தண்ணீர். அண்ணன் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு வண்டியில் தூங்குவார். நீங்கள் ஒரு மரத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டே வருவீர்கள். திரும்பி வரும்போது மூங்கில் கட்டுகளுக்கு மேல் உட்கார்ந்து வர வேண்டியிருக்கும். வீடு வந்து சேர்ந்தால் எனக்கு இடுப்பு எலும்பு தனித்தனியாக வலிக்கும்.

போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன இருக்கும்? பாதி பிரித்த பந்தல். கிழிந்த காகிதத் தோரணம். விற்காத கடலை மிட்டாயை வந்த விலைக்குத் தள்ளிவிடும் கடைக்காரர். கோயிலுக்குள் நாலு பேர். அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால் மெழுகு வழிந்து வழிந்து, கல்லில் தடித்துக் கிடக்கும். எரியாமல் நின்றுபோன மெழுகுவத்தித் துண்டுகளைப் பொறுக்கி நீங்கள் இந்த டப்பாவில் போட்டுக்கொள்வீர்கள். வீட்டுக்கு வந்து உருக்கி, மூங்கில் குழாயில் ஊற்றி, புதிய மெழுகுவத்தி செய்வீர்கள். நம் வீட்டுப் பீடத்துக்கு வருஷம் முழுக்க அதுதான்.

ஒரு முறை நம் கோயில் உபதேசியார், பீடத் துணிகளைக் கட்டி எடுத்துப் போக அங்கே தங்கியிருந்தவர், உங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். ஞாபகம் இருக்கும்.

"என்னம்மா இது? சாமிக்கு ஏத்துனத எடுக்கலாமா?"

"எரிஞ்சது சாமிக்குப் போயிருச்சு உபதேசியாரே. எரியாதது இன்னும் போகல. நான் வீட்டுல எரிச்சு அனுப்பிடுறேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி யோசித்தார். "பாவம்லா, பாவம்" என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

ஒரு வருஷம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் வயதுப் பெண்கள் எல்லாரும் திருவிழாவுக்குப் புதுச் சேலை கட்டிப் போய்விட்டு வந்து, பவனியில் ஆயிரம் மெழுகுவத்தி குன்றைச் சுற்றி வந்ததைப் பற்றி ஒரு மாதம் பேசுவார்கள். நான் மூங்கில் ஏற்றுகிறவர்களுக்கு நடுவே புதுச் சேலை கட்டி யாருக்குக் காட்டுவது? திரும்பும் படகில் உங்களிடம் கேட்டேவிட்டேன். "உங்களுக்கு ஒரு தடவையாவது நல்ல நாள்ல போகணும்னு தோணாதா அண்ணி?"

நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "மடத்துல லீவு விட்டா, அப்பா அம்மா உள்ள புள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயிரும், பாப்பா. நாங்க ஜன்னல்ல நின்னு பாப்போம். வண்டி வந்து ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போகும். திருநாள் பலகாரம் பெரிய வீடுங்கள்ல இருந்து எங்களுக்கு வரும். எல்லாம் மறுநாள்தான் வரும். கொஞ்சம் காஞ்சிருக்கும். ஆனா ருசியாத்தான் இருக்கும். எனக்கு நாளு முக்கியமில்ல. வீட்டப் பூட்டிட்டுப் போறேனே, அதுதான் எனக்குத் திருவிழா."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபம் மட்டும் முழுசாகப் போகவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபமாக அது மாறிக்கொண்டது.

செசிலி பிறந்தாள். இடுப்பில் வந்தாள், பிறகு கையைப் பிடித்து நடந்து வந்தாள். பேச்சு வந்ததிலிருந்து கேள்விதான். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், பந்தல்காரர்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, அவள் உங்கள் சேலையை இழுத்துக் கேட்டாள். "அம்மா, நாம வர்றோம்னு தெரிஞ்சா அவங்க விளக்கையெல்லாம் எடுத்துருவாங்களா?"

பந்தல்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தீர்கள், மெழுகுத் துண்டு பொறுக்கினீர்கள், எல்லாம் வழக்கப்படி. ஆனால் வண்டியில் வரும்போது மரங்களைப் பார்க்கவில்லை. அன்று இரவு பாய் விரிக்கும்போது என்னிடம் சொன்னீர்கள். "அடுத்த வருஷம் இவள அன்னைக்கே கூட்டிட்டுப் போகணும், பாப்பா. பவனியப் பாக்கணும். அவ மறுநாள் புள்ளையா வளரக் கூடாது."

அடுத்த வருஷம் பார்த்துத்தான் ரப்பர் விலை விழுந்தது. கிடங்குகளில் பாதி பூட்டிக் கிடந்தன. அண்ணனுக்கு வேலை போகவில்லை, சம்பளம் போனது. இருந்ததில் பாதியைக் கொடுத்தார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் திருநாளுக்கே போவதென்றால் எல்லாமே இரண்டு மடங்கு. படகில் இடிபட வேண்டும். வண்டிக்காரர்கள் சொன்னதுதான் கூலி. ராத்தங்க ஒரு மூலை வேண்டுமென்றாலும் காசு. ஆனாலும் நீங்கள் உங்கள் தையல் பெட்டியின் அடியில் ஒரு துணி முடிச்சில் அதற்கென்று சேர்க்க ஆரம்பித்தீர்கள். என்னத்தைக் குறைத்துச் சேர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும், ஒரே அடுப்பில் சமைத்தவள் நான். காலையில் உங்களுக்குக் கோப்பி கிடையாது. மத்தியானம் மீன் துண்டு எங்கள் மூன்று பேர் தட்டில்தான் விழும். கேட்டால், "எனக்கு இப்ப மீன் வாசன பிடிக்கல" என்பீர்கள்.

தவக்காலத்தில் இருமல் வந்தது. மழைச் சளி என்றீர்கள். உயிர்த்த ஞாயிறு போயும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் மாரில் காது வைத்துப் பார்த்து, கொஞ்சம் மருந்து கொடுத்து, பால் குடிக்கச் சொன்னார், படுத்திருக்கச் சொன்னார். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. ஜூலை பிறந்தபோது சுவரைப் பிடித்து நடந்தீர்கள். சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கும், கன்னம் சிவந்து பார்க்க அழகாகக்கூட இருப்பீர்கள்.

அண்ணன் ஒரு நாள் கிடங்கிலிருந்து வந்ததும் தையல் பெட்டியைத் திறந்தார். முடிச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெள்ளக்கார டாக்டர கூட்டிட்டு வரேன். இது போதும்."

"அது போக்குவரத்துக் காசுங்க."

"போக்குவரத்து அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னுதான் எல்லா வருஷமும் போகுது. டாக்டர் என்ன சொல்லுவாரு? பாலு குடி, படு. அது டிரெசரே சொல்லிட்டாரு, காசில்லாம." அதற்குள் இருமல் வந்து உங்களை வளைத்துப் போட்டது. மூச்சு திரும்பியதும், "அத வெச்சிருங்க. அது செசிலிது" என்றீர்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கையை நீட்டியபடியே இருந்தீர்கள். அவர் முடிச்சை அந்தக் கையில் வைத்தார்.

அண்ணி, இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இத்தனை வருஷத்தில் நான் உங்களிடம் அதிகம் சண்டை போட்டது அந்த ஒரு மாலைக்காகத்தான். உங்களோடுதான், மனசுக்குள். டாக்டர் வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா? அப்படி நோய் முற்றியவர்கள் பிழைத்ததில்லை என்று பிறகு பலபேர் சொன்னார்கள். சொல்லட்டும்.

திருநாள் அன்று காலை நீங்கள் எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் போகவில்லை என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நீங்கள் கண்ணாலேயே அதைத் திரும்ப எடுக்க வைத்தீர்கள். செசிலிக்கு நான்தான் தலை வாரினேன். முழு நீள மெழுகுவத்தி ஒன்று, கடையில் வாங்கிய புதியது, நீங்கள் முடிச்சுக் காசில் முன்னமே வாங்கித் தலைமாட்டில் வைத்திருந்தீர்கள். நம் வீட்டுக்குள் கடை மெழுகுவத்தி வந்தது அதுதான் முதல் தடவை. அதை அவள் கையில் கொடுத்தீர்கள்.

"நீ வரலயாம்மா?"

"அம்மாவோட பங்கு மறுநாள்தான். நீ போயிப் பாத்துட்டு வந்து சொல்லு. எல்லாத்தையும் பாத்துக்க. ஒண்ணையும் விட்டுறாத."

அவர்கள் போனார்கள். சந்தே போனது. ஜெபம் சொல்லும் சங்கத்துப் பெண்கள், பாடகர்கள், சாமியார், எல்லாரும் அக்கரையில். சந்து அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பக்கத்தில் சீனக் கிழவர் தகரம் தட்டுகிற சத்தம் மட்டும்தான். நீங்கள் மத்தியானம் இரண்டு வாய் கஞ்சி குடித்தீர்கள். வெயில் சாய்ந்தபோது, "இப்ப வரிசை கட்டியிருப்பாங்கல்ல?" என்று கேட்டீர்கள். "கட்டியிருப்பாங்க அண்ணி" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏத்தியிருப்பாங்களா?" என்றீர்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனாலும், "ஏத்திட்டாங்க" என்று சொன்னேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அவ்வளவுதான். தகரம் தட்டுகிற சத்தம் நிற்கவே இல்லை. நான் போய் அந்தக் கிழவரிடம் சொன்ன பிறகுதான் நின்றது.

அண்ணனும் செசிலியும் மறுநாள் மத்தியானமே வந்துவிட்டார்கள். உங்கள் உடம்பை நினைத்து அண்ணன் கடைசிப் பூசைக்குக்கூட நிற்கவில்லை. வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. செசிலிக்குப் புரியவில்லை. ஆட்களுக்கு நடுவே நுழைந்து வந்து, நான் பிடிப்பதற்குள் உங்கள் பக்கத்தில் போய் நின்று, கையில் இருந்ததை நீட்டினாள். அதே மெழுகுவத்தி. பாதி இருந்தது.

"அம்மா தூங்குறாங்களா அத்தை? எழுப்புங்க. அவங்க பங்கு கொண்டாந்திருக்கேன்."

அவளே சொன்னாள். "எல்லாரும் ஏத்துனாங்க, நானும் ஏத்துனேன். சாப்பல் கோயில் வாசல் வரைக்கும் எரியவிட்டேன். அதுக்கப்புறம் ஊதி அணைச்சிட்டேன். இல்லேன்னா தீந்துரும்ல? அம்மாவுக்கு இருக்காதுல்ல?"

அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று பிறகு சொன்னார். காற்றில் அணைந்ததென்று நினைத்து அவர் தன் மெழுகுவத்தியிலிருந்து ஏற்றிவிடப் போனாராம். அவள் கையை மூடிக்கொண்டு கொடுக்கவே இல்லையாம். குன்றைச் சுற்றி எல்லாரும் வெளிச்சத்தோடு போக, உங்கள் மகள் இருட்டு மெழுகுவத்தியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பாதி வழி நடந்திருக்கிறாள். நீங்கள் மாதக்கணக்கில் மீன் தின்னாமல் வாங்கிக் கொடுத்த வெளிச்சம், அண்ணி. அதை அவள் மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தாள். வேறு எந்த வீட்டுப் பிள்ளையும் இதைச் செய்திருக்காது. நம் வீட்டுப் பிள்ளை செய்தது.

அதை உங்கள் தலைமாட்டில் ஏற்றினோம்.

வெயிலுக்கு உடம்பை வைத்திருக்க முடியாது. சாயங்காலமே அடக்கம் என்று முடிவு செய்தார்கள். சாமியார் இல்லை. சங்கத்துக் கொடி இல்லை. பாட ஒரு குரல் இல்லை. முழங்கால் வலியால் அந்த வருஷம் திருவிழாவுக்குப் போகாத அதே உபதேசியார்தான் தடியை ஊன்றிக்கொண்டு வந்து ஜெபம் வாசித்தார். பெட்டியைத் தூக்க அண்ணனோடு சீனக் கிழவரும் அவர் மகனும், காசு மாற்றும் கடை மரைக்காயரும் வந்தார்கள். மரைக்காயர், "உங்க வழக்கம் எனக்குத் தெரியாத எடத்துல சொல்லிக் குடுங்க, அண்ணே" என்று மட்டும் சொல்லித் தோள் கொடுத்தார். அந்த மூன்று பேரும் நம் வேதக்காரர்கள் இல்லை. நம் வேதக்காரர்கள் எல்லாரும் உங்களுக்குப் பிடித்த அன்னம்மாளிடம் இருந்தார்கள். எனக்கு அன்று அன்னம்மாள் மேலும் கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பெட்டியை மூடுமுன் உபதேசியார் குனிந்து, தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை விரலால் நசுக்கி அணைத்தார். விரல் நீளம் மிச்சம் இருந்தது. அதை என் கையில் வைத்தார்.

"எடுத்து வைம்மா. உங்க அண்ணி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாங்க."

கல்லறையிலிருந்து நாங்கள் திரும்பும்போதுதான் கடைசிப் படகு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. சந்து முழுக்கப் பேச்சும் சிரிப்பும். சங்கத்துப் பெண்கள் நம் வாசலுக்கு வந்து நின்றபோது அவர்கள் கையில் பலகாரப் பொட்டலங்கள் இருந்தன. எங்கே வைப்பதென்று தெரியாமல் அவற்றைப் பிடித்துக்கொண்டே அழுதார்கள். சாமியார் மறுநாள் காலை உங்களுக்கு இறந்தோருக்கான கறுப்புப் பூசை வைத்தார். கோயில் நிறைந்திருந்தது. அது நாம் வழக்கமாக வெறும் வண்டி ஏறும் நாள். உங்கள் பங்கு உங்களுக்கு அன்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எங்கும் போகவில்லை. வீட்டைப் பூட்டியதே இல்லை. அண்ணன் வேலைக்குப் போவார், வருவார், தொப்பியை மாட்டுவார். பேச்சு குறைந்துவிட்டது. சம்பளம் பிறகு ஏறியது. இப்போது திருநாளுக்கே போக வசதி உண்டு. பஸ்கூட ஓடுகிறது. யார் போக? செசிலியைக் கூப்பிட்டால், "பாத்துட்டேன் அத்தை" என்று சொல்லிவிடுவாள். இத்தனை வருஷம் அப்படித்தான் சொன்னாள். இந்த வருஷம் பாடகர் குழுவில் சேர்ந்ததால் வேறு வழியில்லாமல் சரி என்றாள்.

இன்று என் மடியில் இந்த டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. உள்ளே கையை விட்டு அந்த விரல் நீளத் துண்டை நேராக எடுத்தாள். மற்றத் துண்டுகளோடு ஒட்டிக்கொள்ளாமல் நான் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

"இது அதுதானே?"

"அதுதான்."

கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நான் முழுசா எரிய விட்டிருந்தா அம்மாவுக்குச் சந்தோசமா இருந்திருக்கும், இல்ல அத்தை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாமல் எத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை வைத்திருந்தாளோ. பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமாண்டி. ஆனா நீ அவங்க மக" என்றேன். அவள் அழவில்லை. துண்டை மறுபடி துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது நிறைய, அண்ணி. விளக்கைத் தாழ்த்தாமல் என்னால் தையலை நிறுத்த முடிவதில்லை. பாசாருக்குக் கடை கட்டும் நேரத்தில்தான் போகிறேன். நல்ல சேலையைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழையதைக் கட்டுகிறேன். எதையும் அதனதன் நாளில் அனுபவிக்க எனக்குக் கை வருவதில்லை. இனி வரவும் போவதில்லை. எனக்கு மறுநாளே பழகிவிட்டது.

அவளுக்கு அது வேண்டாம். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு முழு மெழுகுவத்தி வாங்கி வந்தேன். அவள் வெள்ளைச் சட்டையின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன். படகேறும்போது ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பப் போகிறேன். இங்கே யாருக்கும் பங்கு வேண்டாம், கை சுடும்வரை எரியவிடு என்று.